பின்னால் இடது

மூன்று வருடமாக என் சாயங்காலங்கள் இரண்டே வார்த்தையில் கழிந்தன. இடது. வலது. இடையிடையே "பின்னாடிடா, பின்னாடி!" என்று ஒரு கத்தல். பகல் முழுக்க ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கைவிரிப்புகளை உதறி உலர்த்தி மடித்துவிட்டு, வீங்கிய காலோடு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியதும் சோபாவில் தம்பிக்கு இடது பக்கம் உட்காருவேன். டிவித் திரையில் எவன் எந்த மூலையிலிருந்து துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று சொல்ல வேண்டும். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

"நீ இடதுன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் செத்துட்டேன்க்கா."

"நான் என்ன வாயில மெஷினா வச்சிருக்கேன்? வந்தான், சொன்னேன்."

"வந்தப்புறம் சொல்ற. வர்றப்ப சொல்லு."

என் தம்பிக்கு நாற்பத்தொரு வயது. ஒரு பெரிய கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய் வந்தது. அது பார்வையை நடுவில் தொடாது, ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். அவனுக்கு முதலில் போனது இடது ஓரம். ஒரே மாதத்தில் இரண்டு தடவை இடது பக்கத்து இரும்புத் தூணில் வண்டியை இடித்தான். மேலாளர் அவன் வாயை மோந்து பார்த்தார். குடிக்கிற பழக்கம் இல்லாதவனைக் குடிகாரன் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் நாங்கள் கண் ஆஸ்பத்திரிக்கே போனோம். அதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் ஒன்றரை வருடத்தில் போனது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். அவன் சிரித்துவிட்டு, "கண் கெட்ட பின்னே சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்களே, அது நாமதான்க்கா" என்பான்.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. என்னுடையது ஒன்றரை வருடத்தில் முடிந்துபோன சங்கதி, இங்கே வேண்டாம். இரண்டு அறை வீட்டில் நாங்கள் இருவர்தான். முன்னறையில் டிவி, அதன் கீழே அவனுடைய கம்ப்யூட்டர், இரண்டு கேம் கன்சோல்கள். கம்ப்யூட்டரில் அவன் ஒரு டாக்சி கம்பெனிக்கு போன் பதிவு எடுக்கிறான். திரையில் இருப்பதையெல்லாம் ஒரு பெண் குரல் படித்துச் சொல்லும். அவளுக்கு நான் வைத்த பெயர் வாயாடி. பழைய கன்சோல் அவன் முதல் சம்பளத்தில் வாங்கியது. புதியது, பார்வை முழுக்கப் போய்விட்ட அந்த வருடம் கிடங்கு நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தது. கண் தெரியாதவனுக்கு யாராவது வீடியோ கேம் கொடுப்பார்களா என்று நான் சமையலறையில் முணுமுணுத்தேன். அவனோ அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவினான். "ஆறுதல் சொல்லாம வந்தவங்க இவனுங்க மட்டும்தான்க்கா" என்றான்.

அந்த மூன்று பேரும் இவனும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவரவர் வீட்டிலிருந்தே ஒன்றாகச் சேர்ந்து ஆடுவார்கள். பாழடைந்த ஒரு தொழிற்சாலை, இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர், ஒளிந்து ஒளிந்து சுட வேண்டும். எதிராளி இருக்கிற பக்கம் திரும்பிவிட்டால் போதும், துப்பாக்கி தானாகக் குறி பிடித்துக்கொள்ளும்படி அதில் ஒரு வசதி இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதைத்தான் அது சொல்லாது, நான் சொல்ல வேண்டும். பார்வை இருந்த காலத்தில் இவன் எப்போதும் சுற்றிக்கொண்டு எதிராளியின் முதுகுப் பக்கம் போய் நிற்பான். அதனால் அவர்கள் இவனுக்கு வைத்த பெயர் பின்வாசல்.

அந்தப் பின்வாசல், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே மணி நேரத்தில் பதினோரு தடவை செத்தான். அத்தனையும் பின்னாலிருந்து. நண்பர்களில் குள்ளமானவனை எல்லாரும் கட்டை என்பார்கள். அவன் தயங்கித் தயங்கிப் பேசியது எனக்கும் கேட்டது.

"பின்வாசல், தப்பா நினைக்காத. நீ சும்மா எங்ககூட பேசிக்கிட்டு இரு. ஆட்டத்துக்கு நாலாவதா வேற ஒருத்தன சேத்துக்கட்டுமா?"

தம்பி கன்ட்ரோலரை மடியில் வைத்தான். பிறகு, "ரெண்டு வாரம் குடுங்கடா. அப்பவும் இப்படியே இருந்தா சேத்துக்கோங்க" என்றான்.

அன்று அவன் சாப்பிடவில்லை. தட்டை நகர்த்திவிட்டு என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை என் தலையில் மாட்டினான்.

"கண்ண மூடு. எந்தப் பக்கம் காலடி கேக்குது?"

"வலது."

"இப்ப வலது பக்கம் திரும்பு. எங்க கேக்குது?"

திரும்பினேன். "இப்பவும் வலதுலதான்."

"பாத்தியா. நிஜத்துல ஒருத்தன் வலது பக்கம் நின்னா, நான் திரும்பினதும் அவன் எனக்கு நேரா வரணும். இதுல எந்தப் பக்கம் திரும்பினாலும் நாய்க்குட்டி மாதிரி காதோடயே ஒட்டிக்கிட்டு வர்றான். முன்னாடியா பின்னாடியான்னே தெரியல. அறையச் சுத்தி நிஜமாவே ஸ்பீக்கர் இருந்தா, நான் தலையத் திருப்பிப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவேன்க்கா. சாகறது பரவால்ல. எங்கருந்து அடிச்சான்னு தெரியாம சாகறதுதான் கேவலமா இருக்கு."

ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன். எனக்குக் கால் வலி. ஆனால் அவன் சொன்னதில் எனக்கு ஒரு ஆசையும் ஒட்டிக்கொண்டது. ஸ்பீக்கர் இடது வலது சொல்லிவிட்டால், நான் சாயங்காலம் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கலாம் அல்லவா?

கடைக்கு அவன் வர மாட்டேன் என்றான். "எல்லாரும் கையப் புடிச்சு இழுப்பாங்க. நீ போ." நான் எழுதிக்கொள்ள, மூன்று விஷயம் சொன்னான். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தனித்தனி ஸ்பீக்கர், கூட ஒரு பேஸ் பெட்டி. கம்ப்யூட்டருக்கும் இரண்டு கன்சோலுக்கும் சேர்த்து மூன்று எச்டிஎம்ஐ துளை இருக்க வேண்டும். நீளமான பட்டை மாதிரி இருக்கிற ஒற்றை ஸ்பீக்கரைக் காட்டினால் எழுந்து வந்துவிட வேண்டும்.

என் வார விடுமுறை நாளில் போனேன். ஸ்பீக்கர் பகுதியில் டை கட்டிய ஒருவர் இருந்தார். முதல் வேலையாக அந்த நீளமான பட்டையைத்தான் காட்டினார்.

"இது ஒண்ணே போதும் மேடம். சத்தம் சுவத்துல பட்டு உங்க பின்னாடி வரும்."

"எங்க வீட்டுச் சுவத்துல பட்டா பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். வேற காட்டுங்க."

அடுத்து, கம்ப்யூட்டருக்கென்றே செய்த சின்ன ஸ்பீக்கர்கள். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று பின் இருந்தது. கன்சோலில் அந்தத் துளையே கிடையாது என்று நான் சொன்னதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவளுக்கு இது எப்படித் தெரியும் என்கிற பார்வை. அடுத்து ஆள் உயரத்துக்கு நின்ற ஒரு ஜோடி. பார்க்க ராஜா மாதிரி இருந்தது, பின்னால் ஒரே துளை. ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போய் வயரைக் கழற்றி மாட்ட முடியாது சாமி, அந்த வேலையிலிருந்து தப்பிக்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். கடைசியில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஐந்து ஸ்பீக்கரும் பேஸ் பெட்டியும் சேர்ந்த ஒன்றைக் காட்டினார். மூன்று துளை இருந்தது. கதவைச் சாத்திவிட்டு ஒரு ஹெலிகாப்டர் சண்டையைப் போட்டார். அறையே அதிர்ந்தது. எல்லாப் பக்கமிருந்தும் சத்தம் என் மேல் வந்து விழுந்தது. அடேயப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அங்கேதான் நான் ஏமாந்தேன். இருபது வருடம் சுழலும் டிரம்களுக்குப் பக்கத்தில் நின்ற காது என்னுடையது. மெல்லிய சத்தமெல்லாம் அதற்கு எட்டாது. பெரிய சத்தம் என்றால் அதற்கு நல்ல சத்தம். தம்பியின் காதுக்கு வேண்டியதை என் காதைக் கொண்டு வாங்கிவிட்டு, சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நாலு நாள் கழித்து பெட்டிகள் வந்தன. மறுநாள் பொருத்துகிறவர் வந்தார். அறுபதை ஒட்டிய வயது, இரண்டு முட்டியிலும் பட்டை கட்டியிருந்தார். குனியும்போதெல்லாம் ஒரு "ஸ்ஸ்" விட்டார். சோபாவைப் பார்த்து நின்று வயர்களை இழுத்தார், ஆணி அடித்தார், ரிமோட்டில் இரண்டு பட்டனை அழுத்தினார். "அஞ்சுலயும் சத்தம் வருது, பாத்துக்கோங்க" என்று என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார்.

தம்பி முதலில் கம்ப்யூட்டரைப் போட்டான். வாயாடி ஐந்து மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் டாக்சி பதிவுகளைப் படிக்க ஆரம்பித்தாள். "ஐயோ, ஒருத்திய சமாளிக்கறதே பெரும்பாடு!" என்று அவன் காதைப் பொத்திக்கொண்டான். இருவரும் சிரித்தோம். அந்த வாரத்தில் சிரித்தது அப்போதுதான்.

பிறகு ஆட்டம். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். செத்தான். மறுபடி ஆரம்பித்தான், செத்தான். தலையை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். ஐந்தாவது தடவை செத்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

"எல்லாப் பக்கமும் அவனே நடக்கறான்க்கா. எங்க திரும்பினாலும் இருக்கான்."

"சத்தம் நல்லாதானடா இருக்கு?"

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆளு எங்கன்னு தெரியல." கன்ட்ரோலரை ஓரமாகத் தள்ளிவிட்டு, "திருப்பிக் குடுத்துடு. ஞாயித்துக்கிழமை கட்டைகிட்ட சொல்லிடறேன். அவன் யாரையாவது சேத்துக்கட்டும்" என்றான். இரண்டு கன்சோல்களின் வயர்களையும் தடவி எடுத்து, ஒழுங்காகச் சுருட்டி, ரப்பர் பாண்டு போட்டான். "அந்த இடத்துல நீ துணி காயப்போடற ஸ்டாண்ட வச்சுக்கலாம்."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் இடது வலது கிடையாது, படுக்கலாம் என்று தோன்றியது. தோன்றிய மறுநொடியே என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ரப்பர் பாண்டு போட்ட அந்த வயரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் காட்டுவது? போனை எடுத்துப் பொருத்துகிறவரைக் கூப்பிட்டேன்.

"என்னத்தங்க மாட்டிட்டுப் போனீங்க? உங்க வீட்டுல இப்படி மாட்டுவீங்களா?"

"என்னம்மா ஆச்சு? சத்தம் வரலியா?"

"வருது, வருது, எல்லா இழவும் வருது! வந்து பாருங்க!"

இரண்டு நாள் போக்குக் காட்டினார். மறுபடி மறுபடி கூப்பிட்டேன். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தார். தம்பி கேட்ட இரண்டு வாரம் அன்றோடு முடிகிறது. வாசலில் நுழையும்போதே முகம் கடுகடு என்று இருந்தது.

"அஞ்சுலயும் வருதா?"

"வருது சார்" என்றான் தம்பி.

"அப்புறம் என்ன குறை?"

"அஞ்சுலயும் ஒண்ணே வருது. ஒரே ஆளு அஞ்சு இடத்துல எப்படி சார் நடப்பான்?"

அவர் அப்போதுதான் தம்பியின் கண்ணைக் கவனித்தார். பையைக் கீழே வைத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தார்.

"அது நாங்க வேணும்னே வைக்கறது தம்பி. ஒழுங்கா வச்சா பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர்ல எப்பவாவதுதான் சத்தம் வரும். கதைப்படி பின்னாடி ஏதாவது நடந்தாத்தான் வரும். பத்து வீட்டுல ஒன்பது வீடு மறுநாளே போன் பண்ணும், பின்னாடி ரெண்டும் செத்துப்போச்சு, மாத்திக் குடுன்னு. அதனால எல்லாத்துலயும் எல்லாத்தையும் தொறந்து விட்டுருவோம். கடையில போட்டுக் காட்டியிருப்பாங்களே, அதுவும் அப்படித்தான். இருபது வருஷமா இதே வேலைதான். ஏன் அஞ்சும் ஒண்ணா கத்துதுன்னு ஒருத்தர் கேட்டதில்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடையில் அடேயப்பா என்றவள் நான்தானே.

அவர் ரிமோட்டை வாங்கி ஏதேதோ மாற்றினார். ரப்பர் பாண்டைக் கழற்றிக் கன்சோல் வயர்களை மறுபடி மாட்டி, இரண்டிலும் ஐந்து ஸ்பீக்கர் என்று பதிந்து வைத்தார். கம்ப்யூட்டரை மட்டும் முன்னால் இருக்கிற இரண்டோடு நிறுத்தினார். வாயாடி அடங்கினாள். பிறகு, "ஒவ்வொண்ணா இரைச்சல் விடறேன். எங்க வருதுன்னு கைய காட்டுங்க" என்றார்.

ஸ்ஸ்ஸ் என்று மழைத்தூறல் மாதிரி ஒரு சத்தம். தம்பி கையை நீட்டினான். முன்னால் இடது. நடுவே. முன்னால் வலது. ஆணி அடித்ததுபோல விரல் ஸ்பீக்கருக்கு நேராக நின்றது. அடுத்தது எனக்குக் கேட்கவே இல்லை. அவன் தோளுக்குப் பின்னால் கையைக் காட்டினான்.

"இங்க. அக்கா, டிவியில என்ன எழுதியிருக்கு?"

எழுத்துக் கூட்டிப் படித்தேன். "பின்னால் இடது."

அவன் கை வலது பக்கம் நீண்டிருந்தது.

"இருக்காது" என்றார் பொருத்துகிறவர். இன்னொரு தடவை விட்டார். மறுபடியும் கை வலது பக்கமே போனது. அவர் "ஸ்ஸ்" என்று எழுந்து போய் ஆம்ப்ளிஃபயரின் முதுகைப் பார்த்தார், சுவர் ஓரமாக வயரைத் தொட்டுக்கொண்டே நடந்தார். நின்றார்.

"பின்னாடி ரெண்டு வயரையும் நான் அன்னிக்கு உங்க சோபாவப் பாத்து நின்னு இழுத்தேன். என் இடது உங்க வலது. ச்சே!" என்று தன் தலையில் தட்டிக்கொண்டார். "இப்படி எத்தன வீட்டுல மாட்டியிருக்கேனோ."

"அவங்களுக்கெல்லாம் கண்ணு தெரியும் சார். கவலப்படாதீங்க" என்றான் தம்பி. பெரியவர் சிரித்துவிட்டார். வயரை மாற்றி மாட்டினார். அதன் பிறகு வேலை முடிந்தும் போகவில்லை. சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, வரிசையை மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தார். தம்பி டிராபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டிக்கொண்டே இருந்தான். ஒன்று கூடத் தப்பவில்லை. என் வீட்டில் அப்படி ஒரு ஆள் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

போகும் முன் டேப்பை எடுத்து அளந்தார். "சோபா ஆகாது. சுவத்தோரம் தள்ளிடுங்க. ஒத்தை நாற்காலி, இந்த இடம். ஒருத்தருக்குத்தான் எல்லாம் சரியாக் கேக்கும்." நாற்காலியின் நாலு காலுக்கும் தரையில் டேப் ஒட்டிவிட்டுப் போனார். டீ கூடக் குடிக்கவில்லை.

நாலு மணிக்கு நண்பர்கள் ஆட்டத்துக்குள் வந்தார்கள். "என்ன பின்வாசல், முடிவு பண்ணிட்டியா?" என்றது கட்டையின் குரல். "ஒரு ஆட்டம் ஆடிட்டுச் சொல்றேன்" என்றான் தம்பி. நான் சமையலறை ஸ்டூலை எடுத்துவந்து, மூன்று வருடப் பழக்கத்தில், அவன் இடது தோளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

திரையில் வலது மூலையில் ஒருவன் எட்டிப் பார்த்தான். நான் வாயைத் திறக்குமுன் தம்பி திரும்பிச் சுட்டுவிட்டான். படிக்கட்டில் ஒருவன் இறங்கினான். "முன்..." என்றேன். அதற்குள் அவனும் விழுந்தான். தம்பியின் தலை மட்டும் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தது, கண் தெரிந்த நாட்களில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது திரும்புவானே, அப்படி. நான் வாயை மூன்றாவது தடவை திறந்தேன்.

"அக்கா."

"என்னடா?"

"கொஞ்சம் தள்ளிப் போயேன். பின்னால் இடது ஸ்பீக்கர நீ மறைக்கற."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னல் ஓரம் நிற்கிறவரிடம் வெளிச்சத்துக்கு வழி கேட்கிற மாதிரிதான் சொன்னான். எனக்கு வலித்தது. இதற்காகத்தான் கடைக்குப் போய் அலைந்தேன், இதற்காகத்தான் அந்த மனுஷனைப் போனில் திட்டினேன், அப்படியும் வலித்தது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றேன். அவன் திரும்பவில்லை. எப்படித் திரும்புவான், பின்னால் யாரோ வந்துகொண்டிருந்தார்கள்.

படபடவென்று சுடும் சத்தம். தம்பி செத்தான். போச்சு என்று நினைத்தேன். அவனோ கன்ட்ரோலரோடு கையைத் தூக்கி, சின்ன வயதில் கத்துவதுபோலக் கத்தினான்.

"வலது பின்னாடி! வலது பின்னாடிலருந்துதான் அடிச்சான்! எனக்குத் தெரியும்டா, நான்தான் லேட்டு!"

"ஆமாடா, அங்கதான் இருந்தான்" என்றான் கட்டை. பிறகு, "சரி, அடுத்த ஆட்டம் போடு. நாலு பேரும் இருக்கோம்ல" என்றான்.

நான் உள்ளறைக்குப் போய்க் காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்துப் படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் படுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நடந்தார்கள், யாரோ ஓடினார்கள், அவன் சிரித்தான். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. கண்ணை மூடினேன். தூக்கம் பிடிக்கிற நேரத்தில் என் வாய் தானாகவே, "இடது" என்றது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. புரண்டு படுத்துத் தூங்கிப்போனேன்.